எடை குறையலையா? நடையை விட்டுடாதீங்க!

பதினாலு மாசத்துல ஆறு கிலோ. கடைசி மூணு மாசமா அதுவும் நின்னுபோச்சு. உடம்பு இளைக்க இளைக்க அதுக்குத் தேவையான சாப்பாடும் குறையும். அதனால்தான் இந்தத் தேக்கம். தெரிஞ்சும் மனசு கேக்கலை. நியூ லின் குளிர்காலம் வேற. ஐந்தரைக்கே இருட்டு, மழை.

அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கும் வந்துடுமோன்னுதான் நடக்கவே ஆரம்பிச்சேன்.

நிறுத்திடலாம்னு நினைச்சப்போ, மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். இந்தியாவில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடந்தது. மூன்று ஆண்டுகளில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் சீராக்கியவர்களில் 39 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை!

இப்போ எடை மெஷின் அலமாரிக்குள்ளே. மாசம் ஒருமுறைதான் வெளியே வரும். ஒலிம்பிக் பார்க்கில் அரைமணி நேரம் நடந்தால், ஃப்ரிட்ஜில் மாட்டின காலண்டரில் ஒரு டிக். சாதம் ஒரு கரண்டி குறைத்தால் இன்னொன்று.

நேற்று சோம்பலா உட்கார்ந்திருந்தேன். மகள் ரெயின்கோட்டோட வந்து நின்னா. "அம்மா, இன்னைக்கு டிக் இல்லையே?"

கிளம்பிட்டோம்.