வைஃபை பூட்டைத் திறக்காமல் சாவியைச் சரிபாருங்கள்

எங்கள் குடும்பத்தில் யார் மடிக்கணினி வாங்கினாலும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே எனக்கு அழைப்பு வந்துவிடும். போன மாதம் ஈசூன் பெரியம்மாவின் முறை. புதிய ரவுட்டர், அண்ணன் கொடுத்த பழைய மடிக்கணினி. வைஃபையின் பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் கேட்கிறது, ஆனால் இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. பெரியப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

“பாஸ்வேர்டையே எடுத்துவிடுப்பா. நம்ம வீட்டு இன்டர்நெட்டை யார் வந்து எடுக்கப் போறாங்க?” என்றார் பெரியம்மா.

எடுப்பார்கள். 2006ஆம் ஆண்டு, அண்டைவீட்டாரின் கம்பியில்லா இணையத்தை அனுமதியின்றிப் பயன்படுத்திய 17 வயது இளையர் ஒருவர்மீது சிங்கப்பூரில் வழக்கு நடந்தது. கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. உங்கள் இணைப்பில் வேறு யாரோ மோசடி செய்தால், விசாரணை முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

பெரியம்மா வீட்டில் நான் முதலில் சந்தேகித்தது கடவுச்சொல்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஆங்கில ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும், சின்ன ‘எல்’ எழுத்தும் ஒன்றாம் எண்ணும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தினால் நாம் தட்டியது தெரியும். தட்டியது சரிதான். முன்பு சேமித்த பழைய கடவுச்சொல் குழப்புகிறதோ என்று, வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை ‘மறந்துவிடு’ என்று சொல்லி மீண்டும் முயன்றேன். பலனில்லை.

அடுத்த சந்தேகம் பாம் ஷெல்ட்டர். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய பல வீவக வீடுகளில் இந்தக் கான்கிரீட் அறை உண்டு. அதற்குள் ரவுட்டரை வைத்து இரும்புக் கதவையும் சாத்திவிட்டால் அலைவரிசை திணறும், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. ஆனால் இங்கே ரவுட்டர் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கடைசியில் சிக்கியது பூட்டின் வகை. ரவுட்டர் டபிள்யூபிஏ3 முறையில் மட்டும் இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அது 2018இல் வந்த பாதுகாப்பு முறை. அதற்கு முந்திய மடிக்கணினிகள் பலவற்றுக்கு அது புரியாது. ரவுட்டரின் கைப்பேசிச் செயலியைத் திறந்து, ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறைக்கு மாற்றினேன். அரை நிமிடத்தில் இணைந்தது. அதே பட்டியலில் டபிள்யூஇபி என்று ஒன்று இருந்தால் தொடவே வேண்டாம்; அதை உடைக்கும் வழி 2001லேயே வெளியாகிவிட்டது.

ரவுட்டரே பழசென்றால் புதிதாக வாங்குவது நல்லது. 2021 ஏப்ரல் 13 முதல், இங்கு வீடுகளுக்கு விற்கப்படும் ரவுட்டர்கள் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டாகவேண்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே ‘அட்மின்’ கடவுச்சொல் என்ற பழைய வழக்கத்துக்கு அதில் இடமில்லை.

தீபாவளிக்கு வரும் உறவினர்களுக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் ‘விருந்தினர்’ இணைப்பைத் தனியாகத் திறந்து கொடுங்கள். அவர்கள் போனபின் அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் தொலைக்காட்சி, அச்சுப்பொறி, பிள்ளைகளின் மடிக்கணினி எதையும் மறுபடி இணைக்கவேண்டியதில்லை.