அமெரிக்கா போகாமல் ஓர் அமெரிக்கக் கொள்ளைக் கூட்டம்

ஊருக்குப் போகும்போது ரயில்வே பிளாட்பாரக் கடையில் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் நாவல் ஒன்றாவது வாங்காதவர்கள் நம்மில் குறைவு. அட்டைப் படத்துக்குப் பயந்து, செய்தித்தாள் உறை போட்டுப் படித்தவர்களும் உண்டு. சேஸ் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றுதான் பலரும் நினைத்திருப்போம். உண்மையில் அவர் லண்டன்காரர். இயற்பெயர் ரெனே ரேமண்ட். வீடு வீடாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் விற்று, பிறகு புத்தக மொத்த வியாபாரத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்கக் கொள்ளையர் கதைகளுக்கு இங்கிலாந்தில் எவ்வளவு கிராக்கி என்பதை அங்கேதான் கண்டுகொண்டார்.

வரைபடம், அமெரிக்கக் கொச்சைமொழி அகராதி ஆகியவற்றின் துணையோடு அவர் எழுதிய ‘நோ ஆர்கிட்ஸ் ஃபார் மிஸ் பிளாண்டிஷ்’ 1939-ல் வெளிவந்தது. கோடீஸ்வரர் மகள் ஒருத்தியைச் சில்லறைத் திருடர்கள் கடத்துகிறார்கள். அவர்களிடமிருந்து பெரிய கூட்டம் ஒன்று அவளைத் தட்டிப் பறிக்கிறது. பிணைப் பணத்தை முதலாகப் போட்டு நைட் கிளப்பும் தொடங்குகிறது. கூட்டத்தின் தலைவி மா கிரிஸன் என்ற கிழவி. 1935-ல் ஃபுளோரிடாவில் எஃப்.பி.ஐ.யுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்த மா பார்க்கரின் சாயல் இவளிடம் உண்டு. ஆனால் மா பார்க்கர் எந்தத் திட்டமும் போட்டவள் அல்ல என்று அவள் பிள்ளைகளின் கூட்டாளி ஆல்வின் கார்ப்பிஸ் பிற்காலத்தில் சொன்னார். சேஸுக்குக் கிடைத்தது பத்திரிகைகள் உருவாக்கிய மா பார்க்கர்தான்!

1944-ல் ஜார்ஜ் ஆர்வெல் இந்த நாவலின் கொடூரத்தைச் சாடினார். ஆனாலும் ஓர் ஆங்கிலேயர் முழுக்க அமெரிக்கப் பேச்சிலேயே எழுதிவிட்டதைக் குறிப்பிடத் தவறவில்லை.

அதே 1939-ல்தான் ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ வந்தது. சிகாகோவில் பிறந்தாலும் சிறு வயதிலேயே இங்கிலாந்து போய் அங்கே படித்தவர் சாண்ட்லர். 1912-ல் திரும்பி வந்தபோது அமெரிக்கப் பேச்சை அந்நிய மொழி போலக் கற்க வேண்டியிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணெய்க் கம்பெனியில் கணக்கு எழுதி, உயர்ந்து, வேலையும் இழந்த பிறகு, 1933-ல்தான் அவருடைய முதல் துப்பறியும் கதை அச்சேறியது. இருபது வருஷம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். வந்த இடத்தில் ஆட்டோக்காரரிடமும் காய்கறிக்காரியிடமும் புது மொழி பழகிய நமக்கு அந்தச் சிரமம் விளங்கும்.

அகராதி சொல்லைத் தரும்; அந்தச் சொல்லை யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பதை அது தராது. அதற்குச் சேஸ் பிற எழுத்தாளர்களிடம் போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாற்பதுகளில் வேறு புனைபெயரில் அவர் எழுதிய நாவல் ஒன்றில் தம் வரிகளே இருப்பதைச் சாண்ட்லர் கண்டார். விவகாரம் முற்றி, ‘தி புக்செல்லர்’ என்ற லண்டன் புத்தக வியாபாரப் பத்திரிகையில் சேஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

பிற்காலத்தில் சேஸ் ஃபுளோரிடா கடற்கரையில் ‘பாரடைஸ் சிட்டி’ என்று ஓர் ஊரையே கற்பனையாகக் கட்டிக்கொண்டார். தெரு தப்பு, ஸ்டேஷன் தப்பு என்று எந்த அமெரிக்கரும் அங்கே குறை சொல்ல முடியாது. கொலையும் கொள்ளையும் அங்கேயும் தாராளம். ஆனால் அந்த நாவல்களில் என் மனதில் நிற்பவர் டிடெக்டிவ் லெப்ஸ்கி. பதவி உயர்வுக்காக ஏங்குவார். வீட்டுக்கு வந்தால் மனைவி கரோலிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்தப் பக்கங்களை எழுதச் சேஸுக்கு வரைபடம் தேவைப்பட்டிருக்காது.