மாத்திரை போட்டாச்சு... பசியாறியாச்சா?



"என்னண்ணே, பசியாறியாச்சா?" காலையில் ஒருவரையொருவர் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இதை இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த பால்மரத் தொழிலாளி ஒருவர், விடியற்காலை 5 மணிக்குக் கிளினிக் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, சீனியில்லாத வரக்கோப்பியோடு பெரட்டுக்குப் போய்விடுவார். "பால் எடுத்துட்டு 10 மணிக்கு மேல சாப்பிட்டுக்கலாம்" என்பது அவர் கணக்கு. ஒருநாள் எட்டரை மணிவாக்கில் கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, மரத்தடியில் சாய்ந்துவிட்டார். "காலையிலேயே தண்ணி போட்டுட்டாரு போல" என்று சிலர் சிரித்தார்களாம்! அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவிதான் ஓடிவந்து, தம் போத்தலில் இருந்த சீனிக் கோப்பியைக் குடிக்க வைத்தார். சற்று நேரத்தில் மனுஷன் எழுந்து உட்கார்ந்தார். தண்ணியும் இல்லை, பேயும் இல்லை. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மாத்திரை எல்லாம் ஒன்றல்ல

கிளினிக்கில் அதிகம் கொடுக்கப்படும் மாத்திரைகளில் இரண்டைத் தெரிந்துகொள்வோம்.

மெட்போர்மின், ஈரல் தேவைக்கு மேல் சீனியை இரத்தத்தில் கொட்டாமல் தடுக்கிறது. இது மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சீனி ஒரேயடியாக இறங்குவது அரிது. ஆனால் தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும். அதனால் சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்டவுடன் போடவேண்டும்.

கிளிக்ளசைட் வேறு ரகம். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. தன் வேலையைச் செய்துவிடும். நம் பால்மரக்காரரைச் சாய்த்தது இதுதான். கிளிபென்கிளமைட்டும் இதே இனம். வயதானவர்கள் அதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

மருந்துப் பையில் மலாயில் "செபெலும் மாக்கான்" என்றிருந்தால் சாப்பாட்டுக்கு முன். "செலெபாஸ் மாக்கான்" என்றால் சாப்பிட்ட பின். சாப்பாட்டுக்கு முன் என்றால் அரை மணிக்குள் சாப்பாடு இருக்கவேண்டும் என்று அர்த்தம். ஐந்து மணி நேரத்துக்கு முன் அல்ல! படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

வாயைத் திறந்து சொல்லுங்கள்

டாக்டருக்கு நம் வேலை நேரம் தெரியாது. "ஐயா, நான் அஞ்சு மணிக்கே காட்டுக்குப் போறேன், பத்து மணிக்கு மேலதான் சாப்பாடு" என்று சொன்னால், அதற்கேற்றபடி நேரத்தை மாற்றித் தருவார். விரதம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். நாமாகவே நிறுத்துவதும், கூட்டிக் குறைப்பதும், பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடுவதும் வேண்டாம். ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

நடுக்கம், வேர்வை, படபடப்பு, கடும்பசி, தடுமாற்றம்: இவை சீனி இறங்குவதற்கு அடையாளம். சோதித்துப் பார்த்தால் அளவு 4-க்குக் கீழே இருக்கும். உடனே ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். காட்டுக்குப் போகும்போது சட்டைப்பையில் கொஞ்சம் சீனிப் பொட்டலம் இருக்கட்டும்.

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் கிடக்கும் சீனிதான் கிட்னியையும் கண்ணையும் காலையும் கெடுக்கிறது. கிட்னி பலவீனப்பட்டால் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றுவார். அதற்குத்தான் இரத்தப் பரிசோதனை; அதைத் தவறவிடாதீர்கள்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டிலேயே அதிகமாக இனிப்பு நீர் காணப்பட்டது இந்தியரிடம்தான். பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர். நம் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

ஆகவே உறவுகளே, நாளைக் காலையில் வீட்டுப் பெரியவர் மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, இரண்டு துண்டு ரொட்டியாவது பக்கத்தில் இருக்கட்டும். "அப்பா, பசியாறியாச்சா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றும்.