உளி, இழைப்புளி... வீட்டிலேயே கூர் தீட்டலாம்!

மண்வெட்டிக்குப் பிடி செதுக்க, மாட்டுக்கொட்டகைச் சட்டத்தைச் சரிசெய்ய, கதவு இறுகினால் இழைத்துவிட... விவசாயிகளின் வீடுகளில் உளியும் இழைப்புளியும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். பெரும்பாலும் மழுங்கித்தான் இருக்கும். மழுங்கிய உளியைப் பலம் கொடுத்துத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது வழுக்கினால், அது பாய்வது மறு கையில்தான். கூரான உளியைவிட மழுங்கிய உளியே ஆபத்தானது.

நீல நிறம் வந்தால் பதம் போச்சு!

அவசரத்துக்கு மின்சாரச் சாணைச் சக்கரத்தில் பிடிப்பவர்கள் பலர். தீப்பொறி பறக்கும், கூரும் வந்ததுபோல இருக்கும். ஆனால், மெல்லிய முனை நொடியில் சூடாகி நீல நிறமாகிவிடும். அப்படி நிறம் மாறினால், கொல்லர் கொடுத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பாய்ந்த பகுதியை முழுவதும் தேய்த்துக் கழிப்பதுதான் வழி.

முனை உடைந்திருந்தால் மட்டும் சக்கரத்துக்குப் போகலாம். அப்போதும் இரண்டு, மூன்று விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் சக்கரத்தின் அருகில் போகக் கூடாது.

தீட்டும் முறை

ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் உள்ள தீட்டுக்கல் ஒன்று போதும். நாள்பட்டுக் குழி விழுந்த கல்லாக இருந்தால், தட்டையான கண்ணாடி மீது வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமமாக்கிக்கொள்ளலாம்.

1. முதலில் உளியின் தட்டையான முதுகைக் கல்லில் முழுவதும் படியவைத்துத் தேய்க்க வேண்டும். முதுகு சமமாக இல்லாவிட்டால் கூர் வராது.

2. அடுத்து சரிவுப் பக்கம். சரிவின் நீளம் உளியின் கனத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால், அது 30 டிகிரி. கனம் 4 மி.மீ. என்றால், சரிவு 8 மி.மீ. பொதுவான மரவேலைக்கு இதுவே ஏற்றது. இதே கோணத்தில் கை ஆடாமல் தேய்க்க வேண்டும்.

3. சற்று நேரத்தில் முதுகுப் பக்கம் விரலால் வருடினால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். முனையின் முழு அகலத்துக்கும் பிசிர் வரும்வரை நிறுத்தக் கூடாது. பலர் தவறவிடுவது இதைத்தான்.

4. பிறகு வழவழப்பான பக்கத்தில் இதேபோல் தீட்டி, முதுகைப் படியவைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிர் விழுந்துவிடும். கடைசியாக, பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் கூர் முழுமையாகும்.

விரலில் தடவிக் கூர் பார்க்க வேண்டாம். தாளை வெட்டிப் பார்த்தாலே போதும். இழைப்புளித் தகட்டுக்கும் இதே முறைதான்.

கவாத்துக் கத்தரி, ரம்பம்

கவாத்துக் கத்தரியில் சரிவுள்ள பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். தட்டையான பக்கத்தில் பிசிரை மட்டும் எடுத்தால் போதும். மழுங்கிய கத்தரி கிளையை நசுக்கும். அந்தக் காயம் ஆறத் தாமதமாகும், நோய்க்கிருமிகளும் எளிதில் நுழையும். ரம்பத்துக்கு முக்கோண அரம் வேண்டும். பல் நுனி கறுத்த நீலமாக உள்ள ரம்பங்களில் அரம் ஏறாது. அவை தயாரிக்கும்போதே கடினப்படுத்தி வருபவை. மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும்.

இதையும் கவனியுங்கள்!

கல்லுக்குத் தண்ணீர் அல்லது மெஷின் எண்ணெய், இரண்டில் ஒன்றை மட்டும் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிக் கல்லை அடைத்துவிடும். உர மூட்டைகள் உள்ள அறையில் கருவிகளை வைக்கக் கூடாது, சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது நல்லது.

முழுவதும் மழுங்கும்வரை காத்திருக்காமல், வேலைக்கு முன்பு ஐந்து நிமிடம் தீட்டும் பழக்கம் இருந்தால், நல்ல உளி பல ஆண்டுகள் உழைக்கும்.