ஏ.ஐ சொன்னபடி வெப்சைட்டை மாத்திடலாமா? ப்ராம்ப்ட் முதல் டெஸ்ட் வரை செய்ய வேண்டியது என்ன?

"நம்ம சைட்டுக்கு ஆள் வர்றாங்க, ஆனா ஆர்டர் வரல. ஏ.ஐ-கிட்ட கேட்டு ஏதாவது பண்ணுங்க..."

இன்று பல அலுவலகங்களில் திங்கட்கிழமை மீட்டிங் இப்படித்தான் தொடங்குகிறது. வெப்சைட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ போட்டு, 'இதை எப்படி மேம்படுத்தலாம்?' என்று கேட்டால், அரை நிமிடத்தில் பத்து யோசனைகள் வந்து விழும். பட்டன் நிறத்தை மாற்று, தலைப்பைச் சுருக்கு, வாடிக்கையாளர் ரிவ்யூக்களை மேலே கொண்டு வா... எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். சிக்கலே அங்கேதான். நியாயமாகத் தெரிவது எல்லாம் வேலை செய்வதில்லை.

ஒபாமா பிரசாரத்தில் என்ன நடந்தது?

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான பிரசாரத்தில் பராக் ஒபாமாவின் இணையக் குழு ஒரு சோதனை செய்தது. தளத்துக்கு வருபவர்கள் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு 4 விதமான பட்டன் வாசகங்கள், 6 விதமான படங்கள் மற்றும் வீடியோக்கள் என மொத்தம் 24 வடிவங்கள் தயாராயின. 3,10,382 பார்வையாளர்களுக்கு அவை பிரித்துக் காட்டப்பட்டன. ஒரு வடிவத்தை ஏறக்குறைய 13,000 பேர் பார்த்தார்கள். இப்படி ஒரே நேரத்தில் வெவ்வேறு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவதன் எளிய வடிவம்தான் 'ஏ/பி டெஸ்ட்'.

சோதனைக்கு முன்பு குழுவினர் பெரிதும் நம்பியது ஒரு வீடியோவை. ஆனால் எல்லா வீடியோக்களுமே படங்களைவிட மோசமான முடிவைத் தந்தன. ஒபாமா குடும்பத்தோடு இருக்கும் படமும், 'லேர்ன் மோர்' என்ற பட்டனும் சேர்ந்த வடிவம் ஜெயித்தது. பதிவு விகிதம் 8.26 சதவீதத்தில் இருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தது. டெஸ்ட் செய்யாமல் இருந்திருந்தால், தங்களுக்குப் பிடித்த அந்த வீடியோவையே போட்டிருப்பார்கள்.

அனுபவசாலிகளின் கணிப்பே இப்படிப் பொய்க்கிறது. மைக்ரோசாஃப்டில் நடந்த சோதனைகளிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு யோசனைகள்தான் பலன் தந்தன. மீதியில் பாதி எந்த மாற்றமும் தரவில்லை, பாதி நிலைமையை மோசமாக்கின. ஏ.ஐ தரும் பத்து யோசனைகளையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். அவை ஊகங்கள், தீர்ப்புகள் அல்ல.

சரி, ப்ராம்ப்ட்டை எப்படி எழுதுவது?

'என் சைட்டை நல்லா மாத்திக் கொடு' என்று கேட்டால், எந்த சைட்டுக்கும் பொருந்தும் பொதுவான பதில்தான் வரும். ஏ.ஐ-க்கு உங்கள் வாடிக்கையாளரைத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். உதாரணத்துக்கு, சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறிய தளம் என்று வைத்துக்கொள்வோம். ப்ராம்ப்ட் இப்படி இருக்கலாம்:

"நாங்கள் சுங்குடிச் சேலை விற்கிறோம். 100-க்கு 85 பேர் மொபைலில் வருகிறார்கள். கார்ட்டில் சேர்த்தவர்களில் 100-க்கு 70 பேர் முகவரி கேட்கும் பக்கத்தில் வெளியேறுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்: 'சாயம் போகுமா?', 'டெலிவரி சார்ஜ் எவ்ளோ?'. அந்தப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். அவர்கள் வெளியேறுவதற்கான 5 காரணங்களை ஊகித்துச் சொல். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரே ஒரு மாற்றம் சொல். அதனால் எந்த எண் கூட வேண்டும், எப்படி முடிவு வந்தால் உன் ஊகம் தவறு என்பதையும் எழுது."

இதில் கடைசி வாக்கியம் முக்கியம். 'எப்போது தவறு' என்று கேட்கும்போதுதான், சோதித்துப் பார்க்கக்கூடிய பதில் வரும். டெலிவரி கட்டணத்தை முதல் பக்கத்திலேயே காட்டினால் முகவரிப் பக்கத்தில் வெளியேறுவோர் குறைவார்கள் என்பது சோதிக்கக்கூடிய ஊகம். 'பக்கம் இன்னும் ஈர்ப்பாக இருக்கலாம்' என்பதை எதை வைத்து அளப்பது?

அடுத்த ப்ராம்ப்ட்டில் அந்த மாற்றத்துக்கான வாசகங்களையும் கோடையும் எழுதித் தரச் சொல்லலாம். மூன்றாவதில், 'இந்த மாற்றத்தால் என்னென்ன கெடலாம்?' என்று எதிர்க்கேள்வி கேட்க வைக்கலாம்.

டெஸ்ட் தேவைப்படாதவை

எல்லாவற்றையும் டெஸ்ட் செய்யத் தேவையில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கிறது அணுகல்தன்மை விதிமுறை. மெதுவாகத் திறக்கும் பக்கம், வெயிலில் படிக்க முடியாத சாம்பல் நிற எழுத்து, அழுத்தினால் வேலை செய்யாத பட்டன் இவற்றையெல்லாம் கண்டதும் சரிசெய்துவிடலாம்.

எத்தனை பேர் பார்த்தால் போதும்?

பலரும் சறுக்கும் இடம் இது. இப்போது உங்கள் தளத்துக்கு வரும் 100 பேரில் 3 பேர் வாங்குகிறார்கள். புது வடிவம் அதை 3.6 ஆக உயர்த்துகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி, பழைய வடிவத்துக்குச் சுமார் 14,000 பேர், புதியதற்குச் சுமார் 14,000 பேர் தேவை. தினமும் 200 பேர் வரும் தளத்தில் இதற்கு 140 நாள் ஆகும்!

'மூணு நாள்ல புதுசு ஜெயிச்சிடுச்சு' என்று பாதியிலேயே டெஸ்ட்டை நிறுத்துவது பெரிய தவறு. தொடக்கத்தில் வரும் ஏற்ற இறக்கம் வெறும் தற்செயலாக இருக்கலாம். எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இந்தக் கணக்கை ஏ.ஐ-யிடம் கேட்கலாம். ஆனால் பதிலை ஒரு ஆன்லைன் கால்குலேட்டரில் சரிபார்ப்பது நல்லது. சாட்பாட்கள் தப்புக் கணக்கையும் தயங்காமல் சொல்லும்.

கூட்டம் குறைவான தளம் என்றால்?

அப்போது ஏ/பி டெஸ்ட்டை மறந்துவிடலாம். அதற்குப் பதிலாக ஐந்து பேரை உட்கார வைத்து, போனைக் கொடுத்து, 'ஒரு சேலை வாங்குங்க' என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் கவனிக்கலாம். பயன்பாட்டுத்தன்மை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ம் ஆண்டிலேயே, ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று எழுதினார். அந்த ஐந்து பேர் ஆபீஸ் நண்பர்களாக இல்லாமல், உண்மையில் வாங்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

ஏ.ஐ-யையே வாடிக்கையாளராக நடிக்கச் சொல்லலாமே என்று தோன்றும். 'நீ முதல்முறை ஆன்லைனில் வாங்கும் 50 வயதுப் பெண்' என்று சொன்னால், சில குறைகளை அது சரியாகவே பிடிக்கும். ஆனால் 'காசு போட்டா பொருள் வருமா?' என்ற பயம் அதற்குக் கிடையாது. அதன் பையிலிருந்து பணம் போகப்போவதில்லை. ஒத்திகைக்கு அது போதும், ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஜெயித்தாலும் செய்யக்கூடாதவை

'விற்பனையைக் கூட்ட வழி சொல்' என்று மட்டும் கேட்டால், 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று காட்டும் யோசனையும் வரலாம். குடோனில் 200 சேலை இருக்கும்போது அப்படிக் காட்டுவது ஏமாற்று. டெஸ்ட்டில் அது ஜெயிக்கவும் கூடும். ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இதுபோன்ற 13 'டார்க் பேட்டர்ன்' உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளை கார்ட்டில் சேர்ப்பது, முழு விலையைக் கடைசியில் காட்டுவது எல்லாம் அதில் அடங்கும். அதனால் ஆர்டர் எண்ணிக்கையோடு, ரிட்டர்ன், கேன்சல், புகார் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், முகவரி இருக்கும் ஷீட்டை அப்படியே சாட்பாட்டில் ஏற்றக்கூடாது. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தத் தரவுக்குப் பொறுப்பு நிறுவனத்துடையது. ப்ராம்ப்ட்டுக்கு மொத்த எண்ணிக்கையும், பெயர் நீக்கிய கேள்விகளும் போதும்.

அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்குக்கு ஏ.ஐ தந்த பத்து யோசனைகளையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கூடவே, எந்த எண் மாற வேண்டும், எந்தத் தேதியில் முடிவு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் யாராவது 'என்னாச்சு?' என்று கேட்டால், 'டெஸ்ட் ஓடிட்டிருக்கு' என்று தைரியமாகச் சொல்லலாம்.