முற்றம் நடத்தும் பாடம்

ஜப்பான் என்றதும் டோக்கியோவும் அதிவேக ரயிலும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே மலைகளுக்கு நடுவே சுமாகோ என்றொரு சிற்றூரும் உண்டு. எடோ (இன்றைய டோக்கியோ) நகரையும் கியோட்டோவையும் இணைத்த பழைய சாலையில், வழிப்போக்கர்கள் தங்கிச் சென்ற ஊர் அது. ரயில் பாதை வேறு வழியாகச் சென்றதும் ஊர் களையிழந்தது, வீடுகள் பாழாயின. 1968-இல் அவற்றைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1971-இல் ஊர்மக்கள் கூடி ஓர் உறுதி எடுத்தார்கள். 'வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை' என்பதே அது. அந்தப் பழைய தெருவை இன்றும் காணலாம்.

நம் நாட்டில் அத்தகைய ஊர்கள் இல்லையா? ஏன் இல்லை! சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள செட்டிநாட்டு ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி போன்ற ஊர்களில் உள்ள பெரிய வீடுகள், பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் தொழில் செய்த நகரத்தார் கட்டியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொழில் நலிந்தது. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

அழகு ஒருபுறம் இருக்கட்டும். இவ்வீடுகளில் பௌதிகம் எங்கே இருக்கிறது?

முதலில் சுவரைப் பாருங்கள். தடித்த செங்கல் சுவர் சூடேற வெகுநேரம் ஆகும். பகல் வெப்பம் உட்புறத்தை எட்டுவதற்குள் மாலையாகிவிடும். வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்திருப்பார்கள். இடையில் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

அடுத்தது முற்றம். சூடான காற்று அடர்த்தி குறைந்து முற்றத்தின் வழியே மேலே போகும். அவ்விடத்தை நிரப்ப அறைகளின் வழியே காற்று வரும். இதுவே வெப்பச்சலனம். இரவில் முற்றத்துத் தரை வானை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிக் குளிர்கிறது.

முற்றத்தைச் சுற்றியுள்ள கூரைகள் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீரும் அங்கே வந்து சேரும். எவ்வளவு நீர் தெரியுமா? 100 சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர்! நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. தூணை விலைக்கு வாங்கலாம். முற்றத்தின் குளிர்ச்சியை வாங்க முடியுமா?

இதைச் சோதித்துப் பார்க்கக் காரைக்குடி வரை போக வேண்டியதில்லை. ராயகிரியிலோ சங்கரன்கோவிலிலோ முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றைத் தேடுங்கள். வீட்டாரிடம் அனுமதி பெற்று, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். அருகில் உள்ள கான்கிரீட் வீட்டின் அறையில் மற்றொன்றை வையுங்கள். காலை 6, பகல் 2, இரவு 8 மணிக்கு அளவெடுத்து ஒரு வாரம் குறித்து, வரைபடம் வரையுங்கள். சுவரின் தடிமனையும் முற்றத்தின் நீள அகலத்தையும் அளக்க மறவாதீர்கள். நாளை அந்த வீடு இடிக்கப்பட்டாலும், அது எப்படிக் குளிர்ந்தது என்பதற்கு உங்கள் குறிப்பேடு சான்றாக இருக்கும்.