மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஆகுமா?

வீட்டுக்கு ஆர்.ஓ. இயந்திரம் வந்ததும் மீன் தொட்டிக்கும் அந்தத் தண்ணீரையே பிடித்து ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நாம் குடிக்கிற தண்ணீர் மீனுக்கு மட்டும் ஆகாதா என்கிற பாசம்தான் காரணம். முதலில் தொட்டி பளிச்சென்று இருக்கும். நாளாக ஆக, மோலி மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டத் தொடங்கும். நோய் என்று மருந்து வாங்கி ஊற்றுவார்கள். பல சமயம் அது நோயே அல்ல. தண்ணீரில் இருக்க வேண்டியது இல்லாமல் போனதன் விளைவு.

நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியிருக்கும் தண்ணீரில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் செவுள் வழியே தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். புகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்ற வேண்டும். இழந்த உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் தண்ணீரிலிருந்து திரும்ப இழுக்க வேண்டும். இரவு பகல் ஓயாத வேலை இது. தண்ணீரில் கால்சியம் இருந்தால் செவுளில் கசிவு குறையும். ஆர்.ஓ. சவ்வோ கரைந்த உப்புகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிரித்துவிடுகிறது. கால்சியமும் அதோடு போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பைகார்பனேட் போய்விடுவது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்வது பைகார்பனேட்தான். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்குள் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை தீர்ந்துவிடும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் அந்தக் கையிருப்பே கிடையாது. பி.எச். 6-க்குக் கீழே சரிந்ததும் பாக்டீரியாக்கள் மந்தமாகி, அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருப்பதால் மீனை அவ்வளவாகத் தாக்காது. இந்த நேரத்தில் பதறிப்போய்ப் பாதித் தொட்டியை இறைத்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றினால் பி.எச். சட்டென்று ஏறும். அடங்கிக் கிடந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். சில மணி நேரத்தில் மீன்கள் செத்து மிதக்கும். பழி போர் தண்ணீர் மேல் விழும்.

இதற்காக ஆர்.ஓ. தண்ணீரையே ஒதுக்க வேண்டியதில்லை. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, 1000-ஐத் தாண்டும். அமேசான் படுகையின் மென்னீரில் பிறந்த டிஸ்கஸ் போன்ற மீன்களுக்கு அது மிகையான சுமை. இரண்டையும் கலப்பதுதான் சரியான வழி என்பேன். 1200 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, 50 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு என்று கலந்தால் ஏறக்குறைய 340 வரும். கப்பிக்கும் மோலிக்கும் போர் தண்ணீரின் பங்கைக் கூட்டலாம். கடினமான நீர் அவற்றுக்கு ஒத்துப்போகும். இப்போது விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணை மீன்கள். ஆகவே சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. கரைந்திருப்பது எவ்வளவு என்றுதான் அது காட்டும். என்ன என்று காட்டாது. கடலோரப் போர் தண்ணீரில் அது பெரும்பகுதி சமையல் உப்பாகவே இருக்கலாம். நீரின் கடினத்தன்மையையும் (ஜி.எச்.) பைகார்பனேட் கையிருப்பையும் (கே.எச்.) காட்டும், சொட்டு மருந்தாக வரும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கே.எச். குறைந்திருந்தால், கழுவிய கிளிஞ்சலைச் சிறு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடலாம். நீர் அமிலமாக ஆக, அது மெல்லக் கரைந்து ஈடுகட்டும். குழாய்த் தண்ணீர் கலப்பவர்கள் முதலில் குளோரினை நீக்கிவிட வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்காமல் அப்படியே ஊற்றக்கூடிய இடமும் ஒன்று உண்டு. கோடையில் தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு அத்தனையும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் நிரப்ப நிரப்ப உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் பொருத்தம்.